குழுவுக்குக் கட்டிய புடவை

எங்கள் அலுவலகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வெளியே போர்டு கிடையாது. முன்பு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு என்று ஆட்கள் ஏறி வர ஆரம்பித்தார்கள். "இது அதுக்கில்லைங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஒருநாள் நானே ஸ்டூல் போட்டு ஏறி போர்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

இங்கே பார்ப்பது ஒரே வகை வழக்கு. வேறு நாட்டிலிருந்து அப்பா அம்மா துணையில்லாமல் வந்து சேர்ந்த, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் வழக்கு. இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் இருக்கிறார்கள். நேபாளத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு என்று கூட்டி வந்து பாதியில் விடப்பட்ட பையன்கள் இருக்கிறார்கள். இவர்களை எங்கே வைப்பது, யாரிடம் விடுவது என்று தீர்மானிக்க ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவின் முன்னால் பிள்ளைக்காகப் பேசுவது எங்கள் வக்கீல். மற்றதெல்லாம் நான்.

மற்றதெல்லாம் என்றால் டைப் அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, கேஸ் கட்டுகளைத் தைப்பது, டீ சொல்வது. எல்லாவற்றையும்விட முக்கியம், யார் எந்த நாளில் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லி, சொன்னதை அவர்கள் வாயால் திரும்பச் சொல்லவைத்து, அப்புறமும் அன்று காலையில் போன் போட்டு எழுப்பிக் கிளப்புவது. சட்டம் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். பிள்ளையின் மாமா சரியான நாளில் சரியான வாசலுக்கு வரவில்லை என்றால் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நான் முதுநகர்க்காரி. இதற்கு முன் அங்கேயே ஒரு நிலவழக்கு வக்கீலிடம் பல வருஷம் டைப் அடித்தேன். அந்த ஆபீஸில் ஒரு முழம் இடத்துக்காகக் கூடப் பிறந்தவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் காறித் துப்பிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். இங்கே வருகிற பிள்ளை மாடி ஏறி வந்ததும், "இன்னைக்கு ராவைக்கு எங்க படுக்கணும்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் கேட்டால் தலைவலி பிடித்த வேலை என்றுதான் சொல்வேன்.

கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, இன்னிக்கு எந்த நாட்டுப் புள்ள?" என்பார்.

"ஒன் மாமியா நாட்டுப் புள்ள. மூணு காப்பி போடு, கறுப்பா போடு."

"நம்மூர்ப் புள்ளைங்களே தெருவுல சுத்துது. நீ வேற வெளியூர்ப் புள்ளைங்களை இழுத்துக்கினு அலையற."

"தெருவுல சுத்துதுன்னு சொல்றியே, அதுல ஒன்னையாச்சும் வீட்டுல கூப்புட்டு ஒரு வேளை சோறு போட்டியா? அப்புறம் பேசு."

அவர் சிரிப்பார். இதுவரை காப்பியைக் கறுப்பாகப் போட்டதில்லை.

எங்கள் வக்கீல் சிதம்பரத்துப் பெண். என் மகள் வயதுதான். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் வீட்டின் முன்னறையில் ஒரு ஆபீஸ் வைத்திருக்கிறார். குழு கூடும் நாளில் கடலூர் வருவார். இடையில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸில் சிதம்பரம் போய் வருவேன்.

நான் சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. மன்னார்ப் பக்கத்துப் பெண். அம்மா நோயில் இறந்துவிட்டாள். அப்பா வேறு குடும்பம் கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். அரிசியும் பெட்ரோலும் கிடைக்காமல் அங்கே ஆட்கள் கிளம்பிய சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு இவளும் படகேறிவிட்டாள். கரை சேர்ந்ததும் குடும்பம் குடும்பமாக நிற்கச் சொன்னார்கள். இவள் எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை. யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, குறிஞ்சிப்பாடிப் பக்கம் அகதி முகாமில் என் சின்னம்மா இருக்கிறார் என்று சொன்னாள். எங்கள் ஊரில் சித்தி என்போம், அம்மாவின் தங்கை. அதனால் அவளைக் கடலூருக்கு அனுப்பி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் ஹோமில் விட்டிருந்தார்கள்.

அந்தச் சித்தி சண்டைக் காலத்தில் சின்னப் பெண்ணாக வந்தவர். முகாமிலேயே கல்யாணம், முகாமிலேயே பிள்ளைகள். அக்காவை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. போனில் குரல் மட்டும். என்னிடம் பேசும்போது கடலூர்க்காரி மாதிரி பேசுவார், அக்கா மகளிடம் திரும்பியதும் பேச்சு மாறிவிடும்.

பெண் தனக்குப் பதினாறு முடிந்துவிட்டது என்றாள். பதினெட்டு ஆகாதவள் என்றால் குழு விசாரித்து அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பலாம். ஆகிவிட்டது என்று குழு நினைத்தால், இது எங்கள் வேலை இல்லை என்று கையை விட்டுவிடும். அப்புறம் பாஸ்போர்ட் இல்லாமல் வந்த வெளிநாட்டு ஆள் என்ற வழக்கு வரும். எந்த ஊரில் வைப்பார்கள், எத்தனை மாதம் வைப்பார்கள், யாருக்கும் தெரியாது. அவள் கையில் பிறப்புச் சான்று இல்லை, படகில் வந்த பை நனைந்து எல்லாம் போய்விட்டது. அவள் சொல்வதும் சித்தி சொல்வதும்தான் இருந்தது.

முதல் தடவை குழு முன்னால் நிற்கிற நாள். சித்தியிடம் முகாம் அட்டை, போட்டோ, எல்லாவற்றையும் நான் போனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். அவர் எல்லாம் சரியாகக் கொண்டுவந்தார். நான் சொல்லாத ஒன்றையும் கொண்டுவந்தார்.

நான் கீழ்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு குழு கூடும் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, வராந்தாவில் ஒரு பெண் அரக்குப் பட்டுப்புடவை கட்டி, கொண்டை போட்டு, கொண்டையைச் சுற்றி மல்லிகைப்பூ வைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு நின்றாள். யாரோ ஆபீசர் வீட்டு மருமகள் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். "அக்கா" என்று கூப்பிட்டாள். திரும்பினால் எங்கள் பெண்.

"இன்னா இது?" என்றேன்.

சித்தி முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா இருக்காளா?"

"கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க? ஆபீசருங்க முன்னாடி நிக்கப் போற புள்ளைக்கு யாரு இதைக் கட்டிவிட்டது?"

ஹோமிலிருந்து கூட்டி வந்த இளம் கன்னியாஸ்திரி வாயிலிருந்த ஊக்கை எடுத்துவிட்டு, "நான்தாங்க மடிப்பு எடுத்துவிட்டேன். நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். அதான் பிரச்சனை."

"பெரியவங்க முன்னாடி போறா, மரியாதையா இருக்கட்டும்னுதான்..." என்றார் சித்தி.

பெண் எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. நோட்டீஸ் போர்டின் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை முன்னால் இழுத்துப் பார்த்தாள், பின்னால் விட்டுப் பார்த்தாள். கழற்றி வேறு உடுப்பு மாற்ற இடமும் இல்லை, வேறு உடுப்பும் இல்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

குழுவின் தலைவர் ஒரு அம்மாள். ஓய்வு பெற்ற ஆசிரியை. கெட்டவர் இல்லை. பெண்ணை மேலிருந்து கீழே பார்த்தார், கட்டைப் பார்த்தார், மறுபடி பெண்ணைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கா பதினாறு?"

பக்கத்திலிருந்த உறுப்பினர், "என் மருமகளே இதைவிடச் சின்னவளா தெரிவா மேடம்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

எங்கள் வக்கீல் எழுந்து, பார்வையை வைத்து வயதைச் சொல்ல முடியாது என்று சட்டம் பேசினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலம்மா. ஆனா நான் எதை வெச்சு எழுதறது? ஸ்கூல்ல இருந்து சான்று கொண்டாங்க. அடுத்த தடவைக்குள்ள வரலைன்னா சிதம்பரம் கூட்டிக்கிட்டுப் போய் எலும்பு எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்றார். முடிந்தது.

வெளியே வந்ததும் வக்கீல் என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, அந்தப் புடவை..." என்றார்.

"என்னைப் பாக்காதீங்க மேடம். நான் கட்டல."

எதிரிலிருந்த டீக்கடையில் எல்லோரையும் உட்காரவைத்தேன். சித்திக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அழுகையில் அவர் பேச்சு முழுக்க ஊர்ப் பேச்சாகிவிட்டது.

"நான்தான் கெடுத்துப்போட்டன். இவள் பெரிய பிள்ளையானபோது தாய் ஆஸ்பத்திரியில. ஒரு சடங்கு இல்லை, ஒரு சாறி இல்லை, தலையில தண்ணி வாக்கக்கூட ஒரு ஆள் இல்லை. அக்கா போனில அழுதவ, என்ர பிள்ளைக்கு நான் ஒண்டும் செய்யேல்ல எண்டு. நான் சொன்னன், நீ பிள்ளைய அனுப்பு, இஞ்ச நான் கட்டி வடிவு பாக்கிறன் எண்டு. பிள்ளை வரேக்க அவ இல்லை. இண்டைக்குத்தான் முதல்முதலா நாலு பெரிய ஆக்களுக்கு முன்னால என்ர பிள்ளை போறாள். அதான் கட்டிவிட்டனான்."

டீக்கடையில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அந்த இளம் கன்னியாஸ்திரியும் மூக்கை உறிஞ்சினார். எனக்கு யாராவது அழுதால் என்ன செய்வதென்று தெரியாது.

"செஞ்சது தப்பில்ல. செஞ்ச இடம்தான் தப்பு. வீட்டுக்குக் கூட்டிக்கினு போய் எத்தினி புடவை வேணும்னாலும் கட்டுங்க. மொதல்ல வீட்டுக்குக் கூட்டிக்கினு போற வழியப் பாப்போம். டீ ஆறுது, குடிங்க. ஸ்கூல் பேரு இன்னா?"

பெண் பள்ளியின் பெயரைச் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க ஏன் எந்நேரமும் ஏசுறியள்?" என்றாள்.

"நான் எங்க ஏசுனேன்? இது பேசறது."

"இது பேசுறதோ?" என்று சித்தியைப் பார்த்துக் கேட்டாள். அழுதுகொண்டிருந்த சித்தி சிரித்துவிட்டார்.

மறுநாள் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். வக்கீல் எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னார். மணிக்கட்டையும் முழங்கையையும் படம் எடுத்து, எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்வார்களாம்.

"கரெக்டா சொல்லுவாங்களா?"

"சொல்ல முடியாதுக்கா. ஒன்னு ரெண்டு வருஷம் முன்னப் பின்ன இருக்கும். பதினஞ்சுன்னும் வரலாம், பதினெட்டு தாண்டிடுச்சுன்னும் வரலாம்."

"அப்புறம் எதுக்கு எடுக்கறது?"

"வேற ஒன்னும் இல்லாதப்ப அதுதானே இருக்கு. நம்ம கேசுல பதினெட்டு தாண்டிடுச்சுன்னு வந்துட்டா நான் எங்க போய் முட்டிக்கறது? அதனால ஸ்கூல் சான்று எப்படியாச்சும் வேணும்."

எப்படியாச்சும் என்ற வார்த்தை யார் வாயில் வந்தாலும் அந்த வேலை என் தலையில்தான் விழும்.

பள்ளிக்கூடத்தின் போன் நம்பர் வாங்குவது கஷ்டமாக இல்லை. முகாமில் சித்தி வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். அங்கே ஒருவருடைய அண்ணன் மகன் அந்தப் பள்ளி இருக்கிற ஊரில் ஆட்டோ ஓட்டுகிறான். சாயங்காலத்துக்குள் நம்பர் வந்துவிட்டது. மறு தடவை சிதம்பரம் போயிருந்தபோது அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். பள்ளி ஆபீஸில் இருப்பவர், என்னைப் போல.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"தமிழ்நாட்டுல கடலூர்ங்க. வக்கீல் ஆபீஸ்ல இருந்து பேசறேன்."

"வக்கீலோ? ஏன், ஆர் என்ன செய்தது?"

"யாரும் ஒன்னும் செய்யலம்மா. உங்க ஸ்கூல்ல படிச்ச ஒரு பொண்ணோட சான்று வேணும்."

"நீங்க கத்துறியள், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. சண்டை பிடிக்கவோ எடுத்தனீங்கள்?"

போனை வைத்துவிட்டார். வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்க பேசுங்க மேடம்" என்று போனை நீட்டினேன். "வேணாம்க்கா, நான் இங்கிலீஷ் கலந்து பேசினா இன்னும் பயந்துடுவாங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். மறுபடி நானே கூப்பிட்டேன். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக விட்டு விட்டுச் சொன்னேன். பெண்ணின் பெயர், அம்மா பெயர், படித்த வகுப்பு.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பொம்பிளைப் பிள்ளையின்ர விபரத்தை போனில ஆருக்கும் குடுக்கேலாது. நீங்க ஆரெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் மூடிக்கொண்டேன். நாளைக்கு யாரோ ஒருத்தி தெரியாத ஊரிலிருந்து எனக்குப் போன் போட்டு, உங்கள் ஆபீஸில் வழக்கு இருக்கிற பெண்ணின் விவரத்தைக் கொடு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? இதைவிட மோசமாகச் சொல்வேன். அவர் சொன்னது சரி.

"சரிம்மா, நீங்க சொல்றது நியாயம். எப்படி நம்புவீங்க, சொல்லுங்க."

"பிள்ளையக் கதைக்க விடுங்கோ. அவளின்ர குரல் எனக்குத் தெரியும்."

"அவ கடலூர் ஹோம்ல இருக்கா. நான் இப்ப வேற ஊர்ல."

"அப்ப நாளைக்கு எடுங்கோ. மத்தியானத்துக்கு முதல். பிறகு பள்ளிக்கூடம் விட்டிடும்."

ஹோமில் போனுக்கு நேரம் இருக்கிறது. அது சாயங்காலம். காலையில் பிள்ளைகள் படிக்கிற நேரம் என்றார் மூத்த கன்னியாஸ்திரி. "சிஸ்டர், இவ படிக்கிறதா வேணாமான்றதே இந்தப் போன்லதான் இருக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தன் அறையிலேயே உட்காரவைத்தார். தானும் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மிஸ், நான்தான்" என்றாள் பெண்.

"ஆர் நான்தான்?"

பெயரைச் சொன்னாள்.

"என்ர மேசையில பெயின்டைக் கொட்டினவளோ?"

"அது நான் இல்ல மிஸ்! அது மற்றவள்."

"உப்பிடித்தான் அண்டைக்கும் சொன்னனீ."

அப்புறம் அந்தப் பக்கம் பேச்சு இல்லை. லைன் போய்விட்டது என்று போனைக் கையில் எடுத்தேன். போகவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"கடல்ல ஏதும் ஆயிட்டுதோ எண்டு நாங்கள் பயந்து செத்துப்போனம், பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டாய். சாப்பிட்டியோ?"

"ஓம் மிஸ். இஞ்ச சாம்பார்."

"சாம்பார் நல்லந்தானே."

"ஒவ்வொரு நாளும் மிஸ்."

மூத்த கன்னியாஸ்திரி முகத்தைச் சுளித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் அந்தப் பள்ளி ஆபீஸ் அம்மா என்னிடம் பேசினார்; அவர் அதிபர் என்றது தலைமையாசிரியரை. "அக்கா, அதிபரின்ர ஒப்பம் வேணும். ஒப்பம் வாங்கி, பள்ளிக்கூட ஈமெயிலில இருந்து நேரா உங்கட ஆபீசர்மாருக்கே அனுப்பிறன். அசல் பிறகு தபாலில வரும். காணுமோ?"

"போதும்மா. ரொம்ப நன்றி."

"நீங்க எந்நேரமும் உப்பிடித்தான் கதைப்பியளோ?"

"ஆமாம்மா."

"இஞ்ச எங்கட அதிபரும் உப்பிடித்தான். பரவாயில்லை, பழகிட்டுது."

ஆனால் மறுநாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கூப்பிட்டால், அதிபர் ஏதோ கூட்டத்துக்காகக் கொழும்பு போயிருக்கிறார், வந்ததும் முதல் வேலை இதுதான் என்றார். இங்கே சித்தி காலையில் ஒரு தடவை, சோறு வடித்துவிட்டு ஒரு தடவை, ரேஷன் வாங்கிவிட்டு ஒரு தடவை போன் செய்தார். "வந்துட்டுதா?" என்பார். "வந்தா நான் சொல்ல மாட்டேனா? ஒங்களால எனக்குப் போன்ல சார்ஜே நிக்கறதில்ல" என்பேன். அடுத்த மணி நேரத்தில் மறுபடி அடிப்பார். எடுக்காமல் இருந்ததில்லை. அவருக்கும் வேறு யார் இருக்கிறார்கள் கேட்க. வக்கீல் தன் பக்கத்தில் எக்ஸ்ரேவுக்கு நாள் கேட்டு வைத்துவிட்டார். குழு சொன்னதைச் செய்யாமலும் இருக்க முடியாது.

குழு கூடுவதற்கு முந்தின நாள் மதியம், நான் சோற்றில் கை வைத்திருந்தபோது குழு ஆபீஸிலிருந்து ஒரு ஆள் போன் செய்தார். "உங்க கேசுக்கு இலங்கையில இருந்து ஏதோ மெயில் வந்திருக்கு, பாக்கறீங்களா?" கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். பள்ளியில் சேர்ந்த தேதி, பிறந்த தேதி, அதிபர் கையெழுத்து, முத்திரை. பெண் சொன்ன வயதேதான். ஒரு மாதம் கூட முன்னப் பின்ன இல்லை. அங்கேயே நின்று மூன்று பேருக்குப் போன் செய்தேன். முதல் போன் சித்திக்கு. அவர் தன் ஊர்ப்பக்கத்துக் கோயில் மாதாவைக் கூப்பிட்டு, "மடு மாதாவே" என்றார்.

"நாளைக்கு நேரத்துக்கு வாங்க. புடவைன்னு எதையாச்சும் தூக்கிக்கினு வந்தீங்க, வாசல்லயே நிறுத்திடுவேன்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் பெண் ஹோமில் எப்படி இருப்பாளோ அப்படியே வந்தாள். வெளுத்துப்போன சுடிதார், இரட்டைப் பின்னல் மடித்துக் கட்டிய ரிப்பன், காலில் ஹோமில் எல்லோருக்கும் கொடுக்கிற ஒரே மாதிரி செருப்பு. உள்ளே போய் வரிசையாக நின்றோம். வக்கீல், பெண், சித்தி, கன்னியாஸ்திரி, கடைசியில் கட்டோடு நான்.

தலைவர் அம்மாள் மெயிலின் காப்பியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். எங்கள் மேல் பார்வையை ஓட்டினார்.

"பொண்ணு எங்க? ஹோம்ல இருந்து இன்னும் கூட்டிக்கிட்டு வரலையா?"

நான் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். வக்கீலும் பார்த்தார். பெண்தான், "நான் வந்து நிக்கிறன் மேடம்" என்றாள்.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அன்று மருமகள் கதை சொன்ன உறுப்பினரும் எட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு வந்தது நீதானா?"

"ஓம் மேடம்."

"அடப் பாவமே, இது பச்சப் புள்ளையா இருக்கு!" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். ஒருத்தர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உத்தரவு வருகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு கூடம்மா இருக்கப் போற?"

"சின்னம்மாவோட."

"அங்க இடம் இருக்கா?" என்று சித்தியைக் கேட்டார்.

"சின்ன வீடுதாங்கம்மா. ஆனா இன்னொரு பாய் போட எடம் இருக்கு."

"ஸ்கூல்ல சேக்கணும். படிப்பை நிறுத்தக் கூடாது. மாசாமாசம் இவங்க வந்து பாத்து எங்களுக்கு ரிப்போர்ட் குடுப்பாங்க" என்று என்னைக் காட்டினார். "இவங்க கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவாங்க, பயப்படாத."

"தெரியும் மேடம்" என்றாள் பெண்.

உத்தரவை டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, காப்பி எடுத்து, ஹோமில் கணக்கு முடித்து அவளுடைய பையை வாங்கி வர மத்தியானம் தாண்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் குறிஞ்சிப்பாடி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. சித்தி முன்னால் ஏறி ஜன்னல் பக்கம் இடம் பிடித்து அதில் அவளை உட்காரவைத்தார். நான் கீழே நின்று, உத்தரவு காப்பியை எங்கே வைத்திருக்கிறீர்கள், முகாமில் யாரிடம் முதலில் காட்ட வேண்டும் என்று கேட்டுத் திரும்பச் சொல்லவைத்தேன். சித்தி சரியாகச் சொன்னார். பஸ் போனதும் அலுவலகத்துக்கு வந்து மாடி ஏறி, மதியம் திறக்காமல் விட்ட டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். அன்று அது, அதுவரை சாப்பிட்ட எந்தச் சோற்றையும் விட நன்றாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டுக்காக முகாமுக்குப் போனேன். தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. சித்தியின் மகளும் இவளும் வாசலில் நின்று சார்ஜருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவ வந்ததுல இருந்து சார்ஜர் என் கைக்கே வரலம்மா!" என்று கத்தியது முகாமில் பிறந்த பெண்.

"நீ விடிய விடியப் பாக்கிறாய். எனக்கு ஒரு கொஞ்ச நேரம் குடுத்தா ஒனக்கு இன்னா?" என்று கத்தியது எங்கள் பெண். ஒரு மாதத்தில் 'இன்னா' வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்றேன். நிஜமாகவே மூடிக்கொண்டார்கள்.

சித்தி உள்ளேயிருந்து மாவுக் கையோடு வந்தார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தில் அவ்வளவு நிம்மதி. எனக்கு நாற்காலி போட்டு, டீ வைக்கப் போனார். நான் ரிப்போர்ட்டை எடுத்து, கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பள்ளியில் சேர்ந்தாயிற்று. ஆசிரியர்கள் நல்லவர்கள். சாப்பாடு பிடிக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

"இங்க ஒனக்கு ஏதாச்சும் குறை இருக்கா?"

"ஓம், இருக்கு."

டீ போட்டுக்கொண்டிருந்த சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா குறை?"

சார்ஜர் வைத்திருந்தவளைக் கைகாட்டினாள். "இவ குறட்டை விடுறாள். நித்திரை கொள்ளேலாது."

"யாருடி குறட்டை விடறது? நீதான் தூக்கத்துல ஒதைக்கற!"

"எழுதிக்கவா?" என்றேன்.

"எழுதுங்கோ."

எழுதிக்கொண்டேன்.